வெனிஸில் எங்கே தங்குவது: தீவா, மெஸ்த்ரேயா, பதுவையா?

வெனிஸ் போகலாம் என்று முடிவானதும் வீட்டில் முதல் வாக்குவாதம் அறை வாடகையில்தான் தொடங்கும். ஊருக்குள் இரண்டு பேருக்கான சாதாரண அறை 170, 200 யூரோ என்று காட்டும். அதே தேதிக்கு, பத்து நிமிட ரயில் தூரத்தில் இருக்கும் மெஸ்த்ரேயில் 90 யூரோவுக்கு அறை கிடைக்கும். படம் இரண்டிலும் ஒரே மாதிரிதான்: வெள்ளை விரிப்பு, இரண்டு தலையணை, சுவரில் ஒரு கோண்டோலாப் படகின் ஓவியம். பாதி விலைக்குக் கிடைக்கும்போது எவன் தீவுக்குள் தங்குவான் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. முதல் தடவை ஒரு மே மாதத்தில் நானும் மனைவியும் மெஸ்த்ரேயில் 3 இரவு தங்கினோம். சில வருடம் கழித்து நவம்பரில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனபோது, தீவுக்குள் கன்னரேஜோ பகுதியில் 2 இரவு. இரண்டையும் பார்த்த பிறகு என் கட்சி இதுதான்: மெஸ்த்ரேயில் 3 இரவு தங்கக் காசு இருந்தால், அந்தக் காசில் தீவுக்குள் 2 இரவு தங்குங்கள். இது எல்லோருக்கும் பொருந்தாது. யாருக்குப் பொருந்தாது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் இட அமைப்பு. இது பிடிபடாமல் அறை பதிவு செய்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். நாம் படங்களில் பார்க்கும் வெனிஸ், காயலுக்கு நடுவே நூற்றுக்கும் மேற்பட்ட சிறு தீவுகளை நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள் கோத்துவைத்திருக்கும் ஊர். கார் கிடையாது, ஆட்டோ கிடையாது, சைக்கிள்கூடக் கிடையாது. கரையிலிருந்து 1846இல் ரயில் பாலம் வந்தது, 1933இல் சாலைப் பாலம் வந்தது. ரயில் சாந்தா லூச்சியா நிலையத்தோடு நின்றுவிடும். பேருந்தும் டிராமும் பியாட்சாலே ரோமா என்ற முகப்புச் சதுக்கத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் நடை, இல்லையென்றால் படகு.

மெஸ்த்ரே கரையில் இருக்கும் சாதாரண இத்தாலிய நகரம். ஆனால் நிர்வாகத்தில் அதுவும் வெனிஸ் நகராட்சிதான். அதனால் விடுதி இணையதளங்களில் மெஸ்த்ரே விடுதிகளும் ‘வெனிஸ்’ என்றே வரும். முகவரியில் வெனிஸ் என்று இருப்பதை நம்பாமல் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். இடம் தண்ணீருக்கு நடுவில் இருக்கிறதா, பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிறதா என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். ரயில் நிலையத்திலும் இதே குழப்பம் உண்டு. வெனேசியா மெஸ்த்ரே ஒன்று, வெனேசியா சாந்தா லூச்சியா இன்னொன்று. முதல் வெனிஸைக் கேட்டதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கி, கால்வாய் எங்கே என்று தேடுபவர்களை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

சரி, கணக்குக்கு வருவோம். இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளலாம். மெஸ்த்ரேயில் இரவுக்கு 90, தீவில் 170. ஒரு யூரோ நூறு ரூபாய் என்று தோராயமாக வைத்தால் மனக்கணக்கு எளிது.

மெஸ்த்ரேயில் 3 இரவு என்றால் 270 யூரோ. ரயிலோ டிராமோ ஒரு வழிக்கு ஒன்றரை யூரோ வாக்கில். மூன்று முறை போய் வர இரண்டு பேருக்கும் சேர்த்து 18. தீவில் 2 இரவு என்றால் 340, பாலம் தாண்டும் செலவு தினமும் இல்லை. இங்கேயே 288, 340 என்று இரண்டும் நெருங்கிவிட்டன. மூன்றாவது இரவு என்பது மூன்றாவது நாள் சாப்பாடும்தான். ஆளுக்கு 40 யூரோ என்று சிக்கனமாகப் போட்டாலும் 80 கூடும், மெஸ்த்ரே 368 ஆகிவிடும். இரவுக்கு இவ்வளவு என்று நகராட்சி ஆளுக்கு ஆள் வசூலிக்கும் தங்கல் வரியைச் சேர்த்தாலும் படம் பெரிதாக மாறாது. அந்த வரி விடுதியின் தரம், இடம், பருவம் பார்த்து இரவுக்கு 1 முதல் 5 யூரோ வரை இருக்கும், கரையில் குறைவு. பெரும்பாலும் அறை விலையில் சேர்ந்திருக்காது. கிளம்பும்போது தனியாகக் கேட்பார்கள்.

இரண்டிலும் ஒரே எண்ணிக்கை இரவுகள் தங்குவதென்றால் மெஸ்த்ரேதான் மலிவு, அதில் சந்தேகமே இல்லை. மூன்றுக்கு மூன்று என்றால் இருநூறு யூரோவுக்கு மேல் மிச்சம். அது இருபதாயிரம் ரூபாய், சின்னத் தொகை அல்ல. நான் கேட்பது வேறு: அந்த மூன்றாவது நாள் தேவையா?

மெஸ்த்ரேயில் தங்கினால் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று பாருங்கள். காலை உணவு முடித்து அறையிலிருந்து நிலையத்துக்கு நடை, வண்டிக்குக் காத்திருப்பு, பத்து நிமிடப் பயணம். சாந்தா லூச்சியாவில் இறங்கியதும் கண்முன்னே பெருங்கால்வாய் விரிகிறது. அந்த நிமிடம் உண்மையிலேயே அபாரம், எத்தனை தடவை போனாலும் ஒரு நொடி நின்றுவிடுவோம். ஆனால் சான் மார்கோ சதுக்கம் அங்கிருந்து இன்னும் 35, 40 நிமிட நடை. நீர்ப்பேருந்தில் 1ஆம் எண் ஒவ்வொரு துறையாக நின்று நின்று போவதால் அதிலும் ஏறக்குறைய அவ்வளவே ஆகும். ஆகப் பத்து நிமிட தூரம் என்பது அறை வாசலிலிருந்து சதுக்கம் வரை ஒரு மணி நேரத்துக்கு மேல். திரும்பவும் அப்படியே.

நேரம் போவதுகூடப் பெரிதில்லை, எந்த நேரம் போகிறது என்பதுதான் விஷயம். மெஸ்த்ரேயில் தங்குபவர், பக்கத்து நகரமான பதுவையில் தங்குபவர், ஒருநாள் சுற்றுலாவில் வருபவர் எல்லோரும் பத்து மணிக்கு ஊருக்குள் நுழைந்து ஆறு ஏழு மணிக்கு வெளியேறுகிறார்கள். அந்த நேரத்தில் ரியால்தோ பாலத்தில் தேர்த் திருவிழாக் கூட்டம். படம் எடுக்க நின்றால் பின்னால் வருபவர் முதுகில் இடிப்பார். நாங்கள் மே மாதத்தில் பார்த்த வெனிஸ் இதுதான். இரண்டாம் நாள் மாலை களைத்துப்போய் ரயிலில் உட்கார்ந்திருந்தபோது, ஜன்னலுக்கு வெளியே காயல் முழுக்கச் செம்பு நிறமாக மாறியது. பெட்டி முழுவதும் எங்களைப் போலவே கால் வலிக்கும் வெளியூர்க்காரர்கள். ஊர் அழகாகிற நேரத்தில் நாம் ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறோமே என்றாள் மனைவி. நள்ளிரவு வரை ரயில் உண்டு, அதற்குப் பிறகு பியாட்சாலே ரோமாவிலிருந்து இரவுப் பேருந்தும் உண்டு, இருந்து பார்த்துவிட்டு வந்திருக்கலாம். எழுத்தில் சரிதான். காலை எட்டு மணியிலிருந்து கல்தரையில் நடந்த கால் அதற்கு ஒப்புக்கொள்ளாது.

கன்னரேஜோவில் தங்கியபோது அம்மாவுக்கு எழுபது தாண்டியிருந்தது, முழங்கால் வலியும் உண்டு. காலை ஏழு மணிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு பத்து நிமிடம் நடந்தால் வெறிச்சோடிய கால்வாய்க் கரை, சரக்குப் படகில் காய்கறிப் பெட்டி இறக்கும் ஆட்கள், பள்ளிக்கூடப் பையோடு குழந்தைகள். பதினொரு மணிக்குக் கூட்டம் ஏறும்போது அறைக்குத் திரும்பிவிடலாம். மதியம் ஒரு மணி நேரம் கால் நீட்டிப் படுத்துவிட்டு நாலு மணிக்குப் புறப்படலாம். வயதானவர்கள், சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இந்த மதிய ஓய்வு ஒன்றே 80 யூரோ பெறும் என்பேன். கழிப்பறையும் அப்படித்தான். ஊருக்குள் பொதுக் கழிப்பறைக்குக் காசு, அதுவும் தேடித்தான் போகவேண்டும். அறை பக்கத்தில் இருந்தால் அந்தக் கவலையே இல்லை. இரவு ஒன்பது மணிக்குச் சான் மார்கோவில் நின்றோம். பகலில் பார்த்த இடமா இது என்று இருந்தது.

தீவுக்குள் என்று முடிவெடுத்தால் எந்தப் பகுதி என்பதில் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். சான் மார்கோ சுற்றுவட்டாரம் விலையும் அதிகம், பகலில் நெரிசலும் அதிகம். அங்கே தங்க எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை. கன்னரேஜோ, தோர்சோதூரோ, கிழக்கே காஸ்தெல்லோவின் உட்பகுதி ஆகியவற்றில் இன்னும் உள்ளூர்க்காரர்கள் வாழ்கிறார்கள், விலையும் சற்று இறங்கும். பெட்டியை மறந்துவிடாதீர்கள். ஒவ்வொரு பாலத்துக்கும் ஏறப் படி, இறங்கப் படி. 23 கிலோ பெட்டி இரண்டை நான்கு பாலம் தாண்டித் தூக்கிப் போவதை எந்த விடுதியும் விளம்பரத்தில் சொல்லாது. சாந்தா லூச்சியா நிலையத்தை விட்டு வெளியே வந்து இடப்பக்கம் திரும்பினால் லிஸ்தா தி ஸ்பான்யா என்ற தெரு. கூல்யே பாலம் வரும்வரை அதில் ஒரு படிகூட இல்லை. அந்தத் தெருவில் தங்கினால் பெட்டியை உருட்டிக்கொண்டே போய்விடலாம். தெரு என்னவோ நினைவுப்பொருள் கடைகள் நிறைந்த தெருதான், அழகென்று சொல்ல முடியாது. பாலம் தாண்டி இரண்டு நிமிடம் போனால் நல்ல வெனிஸ் ஆரம்பித்துவிடும்.

லிடோ தீவையும் சிலர் சொல்வார்கள். கடற்கரை உண்டு, கார் உண்டு, சான் மார்கோவுக்குப் படகில் கால் மணி நேரம். கோடையில் பிள்ளைகளோடு கடலில் குளிக்கும் எண்ணம் இருந்தால் பார்க்கலாம். மற்றபடி அங்கே ஒவ்வொரு அசைவுக்கும் படகுச் சீட்டு வேண்டும்.

படகுச் சீட்டில்தான் பலருடைய கணக்கு ஓட்டையாகிறது. வபொரெத்தோ எனப்படும் நீர்ப்பேருந்தில் ஒரு சீட்டு 9.50 யூரோ, 75 நிமிடம் செல்லும். ஒரு நாள் சீட்டு 25, இரண்டு நாள் 35, மூன்று நாள் 45, ஏழு நாள் 65. இதைப் பார்த்ததும் 45 யூரோ சீட்டைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடுவோம். நாங்களும் முதல் தடவை வாங்கினோம், பாதிகூடப் பயன்படவில்லை. வெனிஸ் நடக்கிற ஊர். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான், சந்துமுனைகளில் ரியால்தோ, சான் மார்கோ என்று அம்புக்குறி போட்டிருக்கும். நான் செய்யச் சொல்வது, 24 மணி நேரச் சீட்டு ஒன்றை மட்டும் வாங்கி, முரானோ, புரானோ தீவுகளையும் பெருங்கால்வாய்ப் பயணத்தையும் அந்த ஒரு நாளுக்குள் அடைத்துவிடுவது. முதல் முறை எந்திரத்தில் காட்டும் நேரத்திலிருந்துதான் 24 மணி ஓடத் தொடங்கும். மாலை நாலு மணிக்குத் தொடங்கி, அன்று இரவு விளக்கொளியில் 1ஆம் எண் படகில் கால்வாய் முழுக்கப் போய், மறுநாள் காலை ஃபோந்தமெந்தே நோவே துறையிலிருந்து 12ஆம் எண் படகில் புரானோ போய், வழியில் முரானோவையும் பார்த்துவிட்டு நாலு மணிக்குள் திரும்பிவிடலாம். மெஸ்த்ரேயில் தங்குபவர்களுக்கு ஒரு சின்ன ஆதாயம்: இந்த நாள் சீட்டு மெஸ்த்ரே டிராமிலும் நகரப் பேருந்திலும் செல்லும். விமான நிலையப் பேருந்துக்கு மட்டும் செல்லாது. 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குச் சீட்டே வேண்டாம். 29 வயது வரை உள்ளவர்கள் 6 யூரோவுக்கு இளைஞர் அட்டை ஒன்று வாங்கினால் மூன்று நாள் சீட்டு 27 யூரோவுக்கே வரும். கல்லூரி முடித்து ஊர் சுற்றும் பிள்ளைகள் இதைத் தவறவிடக் கூடாது.

கோண்டோலாவைப் பற்றிக் கேட்காமல் யாரும் விடமாட்டார்கள். நகராட்சி நிர்ணயித்த கட்டணம் பகலில் அரை மணி நேரத்துக்கு 90 யூரோ, இரவில் 110. அது படகுக்கான கட்டணம், ஆளுக்கல்ல. ஐந்து பேர் வரை ஏறலாம், பாட்டுப் பாடினால் தனிக் காசு. இரண்டு பேருக்கு இது நம் வரவு செலவில் உட்காராது. தண்ணீரில் கோண்டோலா எப்படி அசைகிறது என்று தெரிந்தால் போதும் என்றால், பெருங்கால்வாயைக் குறுக்கே கடக்கும் திரகெத்தோ என்ற தோணி இருக்கிறது. ஆளுக்கு 2 யூரோ, இரண்டு நிமிடம், அதே மாதிரிக் கறுப்புப் படகு. ரியால்தோ சந்தைக்கு எதிர்க்கரையிலிருந்து அப்படிப் போனோம். அம்மா அதைத்தான் கோண்டோலா சவாரி என்று இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அடுத்தது நுழைவுக் கட்டணம். ஒருநாள் பயணிகளைக் குறைக்க என்று 2024 ஏப்ரல் 25ஆம் தேதி வெனிஸ் இதைத் தொடங்கியது. அந்த வருடம் 29 நாட்களுக்கு 5 யூரோ. 2025இல் 54 நாட்கள், நான்கு நாளாவது முன்னதாகப் பதிந்தால் 5, கடைசி நேரத்தில் என்றால் 10. ஏப்ரலிலிருந்து ஜூலை வரை, பெரும்பாலும் வெள்ளி, சனி, ஞாயிறு, காலை 8.30 முதல் மாலை 4 மணி வரை. எந்தெந்த நாட்கள் என்ற பட்டியல் வருடத்துக்கு வருடம் மாறும். நம் ஒப்பீட்டுக்கு இதில் வேண்டியது ஒன்றுதான். வெனிஸ் நகராட்சிக்குள் தங்குபவருக்குக் கட்டணம் இல்லை. தீவும் சரி, மெஸ்த்ரேயும் சரி. ஆனால் விலக்கு தானாக வராது, இணையத்தில் பதிந்து அந்தக் குறியீட்டைக் கைபேசியில் வைத்திருக்க வேண்டும். பதுவையில் தங்கி வருபவர் கட்டத்தான் வேண்டும். வெனிஸும் பதுவையும் இருக்கும் வெனெத்தோ மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு விலக்கு உண்டு, அங்கே விடுதியில் தங்கும் நமக்கு அது பொருந்தாது.

பதுவை என்று சொன்னதும் பலருக்குச் சட்டென்று ஒரு பெயர் நினைவுக்கு வரும். ஆமாம், பதுவை அந்தோனியாரின் பதுவைதான். இத்தாலியர்கள் பாதோவா என்பார்கள். வெனிஸிலிருந்து விரைவு வட்டார ரயிலில் அரை மணி நேரத்துக்குள், எல்லா நிலையத்திலும் நிற்கும் வண்டியில் ஐம்பது நிமிடம். சீட்டு 5 யூரோ வாக்கில். 1231இல் இறந்த அந்தோனியாரின் கல்லறையும், அழியாமல் இருந்ததாகப் போற்றப்படும் நாவும் அங்கே பேராலயத்தில் இருக்கின்றன. உள்ளே போகக் கட்டணம் இல்லை. கல்லறைப் பலகைமேல் கைவைத்து மௌனமாக நிற்கும் வரிசையைப் பார்த்தால், நம் ஊர் அந்தோனியார் கோயில்களில் செவ்வாய்க்கிழமைகளில் பார்க்கும் அதே முகங்கள்.

மெஸ்த்ரேயையும் பதுவையையும் ‘வெளியே தங்குவது’ என்று ஒரே கூடையில் போடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மெஸ்த்ரே படுக்கை, அவ்வளவுதான். பதுவை ஒரு முழு ஊர். 1222இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது, கலிலியோ 18 வருடம் பாடம் நடத்திய இடம். 1545இல் போட்ட தாவரவியல் தோட்டம் இன்னும் அதே இடத்தில் இருக்கிறது. ஸ்க்ரோவெக்னி சிற்றாலயத்தில் ஓவியர் ஜொத்தோ 1305 வாக்கில் முடித்த சுவரோவியங்கள் இருக்கின்றன. ஓவியங்கள் கெடாமலிருக்க, பார்வையாளர்களை முதலில் ஓர் அடைப்பறையில் கால் மணி நேரம் உட்காரவைத்துக் காற்றின் ஈரத்தைச் சமன்செய்த பிறகுதான் உள்ளே விடுகிறார்கள். உள்ளேயும் கால் மணி நேரம்தான். அதனால் முன்பதிவு இல்லாமல் போகவே வேண்டாம். சாயங்காலம் மாணவர்கள் நிறைந்த சதுக்கங்கள், வெனிஸைவிடக் குறைந்த விலையில் சாப்பாடு. நான்கைந்து நாள் கையில் இருந்து, வெனிஸ் மட்டுமல்ல, வெரோனா, விச்சென்சா எல்லாம் பார்க்கும் எண்ணம் இருந்தால், பதுவையில் தங்குவதுதான் புத்திசாலித்தனம். எல்லாப் பக்கமும் ரயில் ஓடுகிறது. இரண்டே நாள் இருக்கிறது, அந்த இரண்டு நாளும் வெனிஸுக்குத்தான் என்றால் பதுவையில் தங்கினாலும் மெஸ்த்ரேயில் பட்ட பாடுதான், கூடவே இன்னும் இருபது நிமிடம்.

ஒருநாள் பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஃபிளாரன்சிலிருந்து அதிவேக ரயிலில் இரண்டேகால் மணி நேரம். காலையில் கிளம்பி இரவு திரும்பலாம். முன்பதிவு இல்லாமல் அன்றன்று வாங்கும் அதிவேக ரயில் சீட்டின் விலை, மெஸ்த்ரேயில் ஓரிரவு தங்கும் காசை நெருங்கிவிடும். நம் ஊர் ஐரோப்பியச் சுற்றுலாத் தொகுப்புகளிலும் இதுதான் நடக்கிறது. கரையில் எங்கோ ஒரு விடுதி, காலையில் தனிப்படகில் சான் மார்கோ பக்கம் இறக்கம், மூன்று நான்கு மணி நேரம், ஒரு கண்ணாடிப் பட்டறை, திரும்பப் படகு. வெனிஸ் போனேன் என்று சொல்லிக்கொள்ளலாம். 2024 முதல் வழிகாட்டியோடு வரும் குழுவில் 25 பேருக்கு மேல் இருக்கக் கூடாது, ஒலிபெருக்கியும் கூடாது. பெரிய பேருந்துக் கூட்டத்தை இரண்டாகப் பிரித்துத்தான் கூட்டிப் போகவேண்டும்.

மெஸ்த்ரே யாருக்குப் பொருந்தும் என்று சொல்வதாகச் சொன்னேன். நான்கு பேர் குடும்பத்துக்கு என் கணக்கு உடைந்துவிடும். தீவில் நால்வருக்கான வீடோ இரண்டு அறையோ இரவுக்கு 300 யூரோ என்று போனால், மெஸ்த்ரேயில் அடுப்படியோடு ஒரு வீடு 130க்குக் கிடைக்கும். இரண்டு இரவுக்கு 600, மூன்று இரவுக்கு 390. ரயிலுக்கு 36 சேர்த்தாலும் இது வேறு கணக்கு. சமைத்துச் சாப்பிட்டால் இன்னும் குறையும். மெஸ்த்ரே நிலையத்தைச் சுற்றி வங்கதேசத்தவர் நடத்தும் மளிகைக் கடைகள் இருக்கின்றன. அரிசி, பருப்பு, பச்சை மிளகாய், கொத்தமல்லி எல்லாம் கிடைக்கும். சைவம் மட்டும் சாப்பிடும் வீட்டாருக்கு, மூன்றாம் நாள் பீட்சா கசந்துபோகும்போது இதன் அருமை தெரியும். வாடகைக் கார் வைத்திருப்பவர்களும் மெஸ்த்ரேயில் நிறுத்திவிட்டு வருவதுதான் நல்லது. பியாட்சாலே ரோமா நிறுத்தகத்தில் ஒரு நாளைக்குக் கேட்கும் தொகை அறை வாடகையில் சேமித்ததைத் தின்றுவிடும்.

தீவுக்குள் சாப்பாடு என்றால் பர்ஸ் காலியாகும் என்பது பாதி உண்மை. உட்கார்ந்தால்தான் காசு. இத்தாலியில் காபிக் கடையில் நின்று குடிக்க ஒரு விலை, மேசையில் உட்கார்ந்து குடிக்க வேறு விலை. சான் மார்கோவில் வாத்தியக்குழு வாசிக்கும் பழைய காபிக் கடைகளில் இசைக்கென்று தனியாகவே கட்டணம் சேர்ப்பார்கள். பக்கத்துச் சந்தில் நின்றுகொண்டே குடித்தால் அதே காபி ஒன்றரை யூரோதான். உணவகத்தில் ‘கொப்பெர்த்தோ’ என்று ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ பில்லில் இருக்கும். ஏமாற்றவில்லை, மேசை விரிப்புக்கும் ரொட்டிக்குமான வழக்கமான கட்டணம் அது. பகலில் பாகரோ எனப்படும் சின்ன மதுக்கடைகளில் சிக்கெத்தி, அதாவது ரொட்டித் துண்டின்மேல் மீனோ காயோ வைத்த தீனி, ஒன்று இரண்டு யூரோ வாக்கில் கிடைக்கும். நாலு சாப்பிட்டால் மதியம் முடிந்தது. கன்னரேஜோவில் பழைய திரையரங்கம் ஒன்றைச் சுவர்ச் சித்திரமெல்லாம் கெடாமல் பேரங்காடியாக்கி வைத்திருக்கிறார்கள். தயிரும் பழமும் வாங்கப் போன அம்மா, கூரையைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் நின்றார். தண்ணீருக்குக் காசே வேண்டாம், சதுக்கங்களில் குழாய்நீர் ஓடிக்கொண்டிருக்கும், பாட்டிலில் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் சான் மார்கோ படிகளில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள், அபராதம் உண்டு. புறாவுக்குத் தீனி போட்டாலும் அபராதம்தான்.

பருவம்தான் எல்லாவற்றையும்விட அறை விலையை ஆட்டுவிக்கும். முகமூடித் திருவிழாவான கார்னிவல் வாரங்களையும் கிறிஸ்துமஸ் விடுமுறையையும் விட்டுவிட்டால், நவம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை தீவுக்குள் இருக்கும் அறைகளே மே மாத மெஸ்த்ரே விலைக்கு இறங்கி வரும். நவம்பரில் நாங்கள் கொடுத்தது அப்படி ஒரு விலைதான். பனிமூட்டம், குளிர், நாலரை மணிக்கே இருட்டு எல்லாம் உண்டு. ‘ஆக்வா ஆல்தா’ எனப்படும் கடலேற்றமும் அந்த மாதங்களில்தான் வரும். 2019 நவம்பரில் 187 செ.மீ. ஏறி ஊரையே முழுக்கியது. 2020 அக்டோபரிலிருந்து காயல் முகத்துவாரங்களில் மோசே தடுப்புக் கதவுகள் எழும்பிப் பெரிய வெள்ளத்தைத் தடுக்கின்றன. தாழ்வான சான் மார்கோ சதுக்கத்தில் மட்டும் சிறிய ஏற்றத்துக்கும் தண்ணீர் தேங்கும், அப்போது மரப்பலகை நடைமேடை போடுவார்கள். ஒரு ஜோடி ரப்பர் காலணி போதும், பயணத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ போகிறவர்களுக்கு இன்னொரு கோணம் உண்டு. ஷெங்கன் விசாவுக்குப் பெரியவர் ஒருவருக்கு 90 யூரோ, அதற்கு மேல் விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம், 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு, அப்புறம் விமானச் சீட்டு. இவ்வளவும் வெனிஸில் எங்கே தூங்கினாலும் அதேதான். இத்தனை கொட்டிக் கொடுத்துப் போய், கடைசி 80 யூரோவைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் மிச்சம் பிடிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. பாரிஸிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ மலிவு விமானத்தில் வருபவர்களுக்கு இந்த வாதம் பொருந்தாது, அவர்கள் அடுத்த வருடமும் வரலாம். விசாவுக்குத் தங்குமிடப் பதிவு காட்ட வேண்டும் என்பதால், ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையாகப் பதிந்துகொள்ளுங்கள். வெனிஸை முன்பு ஆண்ட தோஜேக்களின் அரண்மனைச் சீட்டை 30 நாள் முன்னதாக இணையத்தில் வாங்கினால் ஆளுக்கு 5 யூரோ குறையும். விசா கைக்கு வந்ததும் அதை முடித்துவிடலாம்.

விமான நிலையத்துக்கு மார்க்கோ போலோவின் பெயர். பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதிவைத்த அதே வெனிஸ்காரர். அங்கிருந்து பியாட்சாலே ரோமாவுக்கும் சரி, மெஸ்த்ரேக்கும் சரி, பேருந்துக்கு 10 யூரோ. தண்ணீர் டாக்சி என்று கையசைத்து ஏறினால் நூறு யூரோவைத் தாண்டிவிடும். திரும்பும் விமானம் காலை ஏழு மணிக்கு என்றால் மட்டும் என் கட்சியை நானே கொஞ்சம் மாற்றிக்கொள்வேன். விடியும் முன் இருட்டில் பாலங்களின் படிகளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்து பிடிக்க ஓடுவதைவிட, முதல் இரண்டு இரவைத் தீவில் கழித்துவிட்டு, கடைசி இரவுக்கு மட்டும் மெஸ்த்ரே நிலையத்துப் பக்கம் ஓர் அறை எடுத்துவிடலாம். அன்று மாலை அரிசிச் சோறும் கிடைக்கும்.